காப்பு கட்டியவளோடு மெக்ஸிகோ சாப்பாடு

கையில் காப்பு கட்டி விரதம் இருக்கிறவள், வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவள், போன் பண்ணி, "மெக்ஸிகோ சாப்பாட்டுக் கடைக்குப் போலாம், வர்றியா?" என்று கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. கரண்ட் இல்லாத பகல். டியூஷன் பிள்ளைகளை அப்போதுதான் அனுப்பிவிட்டு விசிறியோடு தரையில் படுத்திருந்தேன்.

"வெயில் மண்டையில ஏறிடுச்சாடி உனக்கு?"

"நீ சாப்பிடு. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"நான் தின்கிறதை வேடிக்கை பாக்கவா இவ்வளவு தூரம் வர்றே?"

அவள் சிரிக்கவில்லை. "எம் பையன் வேலை பாத்த கடைடி. அந்தச் சயா வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கார். தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நானும் அவளும் யாங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் வீட்டில் மாரியம்மன், எங்கள் வீட்டில் ஏசுநாதர். அவளுடைய அம்மா என்னை "வேதக்காரப் பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிட்டு ஒரு வடை அதிகமாகத் தருவாள். பிறகு நான் இன்னொரு பேட்டையான தின்கன்ஜூனுக்குக் குடிவந்து டியூஷன் வாத்தியாரம்மா ஆனேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் அதே ரயில் பாதை ஓரத்து வீட்டில் இருந்துகொண்டு, புருஷன் போன பிறகு ரவிக்கை தைத்து ஒற்றை மகனை வளர்த்தாள். அவள் தமிழில் திட்டுவாள், அவன் பர்மியத்தில் பதில் சொல்வான். தமிழ் அவனுக்கு நன்றாகப் புரியும், வாயில் மட்டும் வராது. "என் வயித்துல பொறந்துட்டு என்கிட்டயே ஒரு வார்த்தை தமிழ்ல பேச மாட்டேங்குறான் பாரு" என்று என்னிடம் குறைப்படுவாள். நானும் அதற்காக அவனை வம்புக்கு இழுப்பேன், அவனும் பர்மியத்திலேயே என்னைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவான்.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க வார்டில் சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயர் வந்தது. அந்த வாரமே ஒரு விடியற்காலையில் சிநேகிதர்கள் சிலரோடு தாய்லாந்து எல்லையை நோக்கிப் போய்விட்டான். வழியில் எங்கிருந்தோ ஒரு தடவை போன் பண்ணினான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவன் நல்லபடியாக எல்லை தாண்டிவிட்டால் பூ மிதிக்கிறேன் என்று அவள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பூ என்று சொல்வதெல்லாம் வாய்க்குத்தான். தீக்குழி அது. கொடியேறிய அன்று பூசாரி அவளுடைய இடது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த நூலைக் கட்டிவிட்டார்.

காப்பு கட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு. அதையும் தனிப் பாத்திரத்தில் தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். தரையில்தான் படுக்கை. காலில் செருப்புக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீ மிதித்து முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தெய்வக் குற்றம். அந்தக் குற்றம் நேர்ந்துகொண்டவளை விட்டுவிட்டு, யாருக்காக நேர்ந்துகொண்டாளோ அவன் தலையில்தான் விடியும் என்பார்கள். நாலு நாளைக்கு முன்னால் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன்லியினுக்குக்கூட அவள் போகவில்லை. "பாலம் தாண்டினா எல்லை தாண்டின மாதிரிடி" என்றாள். "பூசாரி யாங்கோனுக்கு எல்லைக்கல் நட்டு வச்சிருக்காரா?" என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் புடவையும் வெறுங்காலுமாக நின்றிருந்தாள். சித்திரை பிறக்கப்போகிற வெயில். ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். தலைக்கு நிழல் கிடைத்து என்ன பிரயோஜனம், காலுக்கல்லவா வேண்டும்.

கடை ஒரு பழைய குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் செல்போன் ரிப்பேர், மறுபக்கம் சலவைக்கடை. பெயர்ப்பலகைகூட இல்லை, சுவரில் ஒரு கள்ளிச்செடியைப் பச்சைப் பெயின்ட்டில் வரைந்திருந்தார்கள். நம் ஊர்க் கள்ளிதான், மெக்ஸிகோவில் அதற்குப் படம் போடுகிற மரியாதை இருக்கிறது போலிருக்கிறது. உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

மரியாதைக்குச் சயா, அதாவது ஐயா, என்று அவள் சொன்னவர்தான் முதலாளி, அவரேதான் சமையல்காரர். ஐம்பது தாண்டிய பர்மியர். கப்பலில் சமைத்து, பிறகு அமெரிக்காவில் ஒரு மெக்ஸிகோக்காரனின் சமையலறையில் சில வருடம் வெந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவர். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க அமா" என்று அக்கா முறை சொல்லி, மூலை மேஜையில் உட்காரவைத்தார்.

"அவன்கிட்டயிருந்து ஏதாவது சேதி வந்துச்சா, சயா?" அவள் உட்காருவதற்கு முன்பே பர்மியத்தில் கேட்டுவிட்டாள்.

"வந்திருக்கு. முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நல்ல சேதியைச் சொல்வதற்கு யாரும் சோறு போட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை.

முதலில் மக்காச்சோள ரொட்டியும் கறுப்புப் பயறும் வந்தன. கூடவே பச்சைத் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி அரிந்துபோட்டு எலுமிச்சை பிழிந்த ஒரு கிண்ணம். அவள் விரதக்காரி என்பது அவருக்குத் தெரியும். பர்மியர்கள் விரதம் என்றால் கறி மீன் இல்லாத சாப்பாடு என்றுதான் நினைப்பார்கள். அதனால் அவளுக்கென்றே எல்லாம் காய்கறியில் பண்ணியிருந்தார். அவள் தட்டைத் தொடவில்லை. பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எட்டிப்பார்த்தார். தட்டு அப்படியே இருந்தது. பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வெண்ணெய்ப்பழத்தை உப்பும் பச்சைமிளகாயும் போட்டு மசித்துக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் வெண்ணெய்ப்பழத்தைக் கட்டிப்பாலும் ஐஸும் போட்டு அடித்துக் குடிக்கிறவர்கள். அதில் உப்பைப் போட்டதை வேறு நாளாயிருந்தால் ஒரு மணி நேரம் கிண்டல் பண்ணியிருப்பேன். அவள் அதையும் தொடவில்லை. அவர் மறுபடி உள்ளே போய் வேறு எதையோ வதக்கத் தொடங்கினார்.

அவள் சாப்பிடுவதற்காக அவர் காத்திருந்தார், அவர் வாய் திறப்பதற்காக அவள் காத்திருந்தாள். இப்படியே போனால் அந்தக் கடையிலிருக்கிற சாமானெல்லாம் எங்கள் மேஜைக்கு வந்து சேருமே ஒழிய சேதி வந்து சேராது. நான் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன்.

"சயா, அவ சாப்பிட மாட்டா. மத்தவங்க அடுப்புல வெந்தது எதுவும் அவளுக்கு ஆகாது. எதுவானாலும் இப்பவே சொல்லிடுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் வெளிறியிருந்தது. "காலி வயித்தோட கேக்கற சேதி இல்ல அமா" என்றார். "அப்ப நீங்க சாப்பிடுங்க. அவங்க பங்கையும் நீங்களே சாப்பிடுங்க. யாராவது ஒருத்தருக்காவது தெம்பு வேணும்."

பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது யோசித்தால், அவருக்கும் அந்தச் சேதியை வாயால் சொல்லப் பயமாக இருந்திருக்கும், அதற்குள் இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒரு தட்டு என்று தள்ளிப்போட்டிருப்பார். நான் வந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை. ரொட்டியைப் பிய்த்து, பயற்றைத் தோய்த்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கினேன். எனக்கென்று மிளகாய் போட்டு உதிர்த்த கோழி வந்தது. அதையும் உள்ளே தள்ளினேன். "சீக்கிரம் சாப்பிடுடி" என்றாள் அவள். "சாப்பிடு, சாப்பிடு" என்று மேஜைக்கடியில் என் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். கண்ணில் நீர் வந்தது, மிளகாயாலா என்னவென்று தெரியவில்லை.

பாதியில் அவள் கேட்டாள், "எப்படி இருக்கு?"

"எதைக் கேக்கறே?"

"பயறு. அவன்தான அங்க நின்னு பயறு வேகவைப்பான்."

நான் நிதானித்து ஒரு வாய் வைத்தேன். "சீரகம்" என்றேன். "வறுத்த சீரகம் வாசம் அடிக்குது. உங்க வீட்டு ரசத்துல வர்ற மாதிரி."

அதைக் கேட்டுக்கொண்டு வந்த முதலாளியிடம் பர்மியத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மெக்ஸிகோக்காரர்களும் சீரகம் போடுவார்கள், ஆனால் இவர் அதைப் பச்சையாகவே பொடித்துப் போட்டுவந்தாராம். பையன்தான் வெறும் சட்டியில் வறுத்துப் பொடிக்கச் சொன்னானாம். எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்க என்றானாம். அவள் குனிந்து பயற்றுக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். தொடவில்லை. முகத்தை அதன்மேல் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

நான் கடைசி ரொட்டியை விழுங்கிவிட்டுத் தட்டைக் கவிழ்க்காத குறையாக அவர் பக்கம் தள்ளினேன். "ஆச்சு. சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையனுக்கு வழியில் காய்ச்சல் கண்டிருக்கிறது. காட்டுக் காய்ச்சல். கூடப் போனவர்கள் இரண்டு நாள் சுமந்து பார்த்துவிட்டு, எல்லைக்குப் போகிற வழியில், ஃபா-ஆன் ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்துப் புத்த மடத்தில் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மடத்துப் பிக்கு தனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெயர் ஊர் கேட்பார்கள், அதனால் அவருக்கும் பயம். பையன் சட்டைப்பையில் இந்தக் கடை நம்பர் இருந்திருக்கிறது.

"இதை அனுப்பியிருக்கார்" என்று போனை மேஜைமேல் வைத்து அழுத்தினார்.

முதலில் பிக்குவின் குரல் வந்தது. இந்தப் பிள்ளை பர்மியத்தில் பேசுவதையே விட்டுவிட்டது, இந்தியப் பாஷையில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறது, எங்களுக்குப் புரியவில்லை, அவன் ஆட்களைக் கண்டுபிடித்து என்ன கேட்கிறான் என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றது. பிறகு கொஞ்சம் கரகரப்பு. அதற்குப் பிறகு அவன்.

"அம்மா, தண்ணி. அம்மா, கால் எரியுதும்மா. எங்கேம்மா போனே? தண்ணி தாம்மா."

தமிழ். சுத்தமான தமிழ். இருபது வயது தாண்டியும் அவளிடம் ஒரு வாக்கியம் பேசாத தமிழ். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுபடி போட்டுக் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். அழவில்லை. "தமிழ்ல பேசுறான்டி" என்று மட்டும் சொன்னாள். "தண்ணி கேக்கறான்டி, அவங்களுக்குப் புரியலடி." நான் முதலாளியின் போனைப் பிடுங்கி, அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள், தண்ணீர்தான் கேட்கிறான் என்று பர்மியத்தில் கத்தி அந்தப் பிக்குவுக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை.

முதலாளி மெதுவாகச் சொன்னார். யாராவது போக வேண்டும். ஆண்கள் போனால் வழிநெடுக ஆயிரம் கேள்வி. வயதான பெண் என்றால் விட்டுவிடுவார்கள். ஃபா-ஆன் சந்தையில் காய்கறி விற்கிற அவருடைய மைத்துனி மடம்வரை கூட்டிப்போவாள். பஸ் அன்று பிற்பகலே இருக்கிறது, விட்டால் நாளை ஓடுமா என்று யாருக்கும் தெரியாது.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளைப் பெற்றவள் சொல்வாளே, இருதலைக் கொள்ளி எறும்பு என்று, அதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். போனால் எல்லை தாண்டிய குற்றம் அவன் தலையில் விழும். போகாவிட்டால் தண்ணீர் கேட்டே செத்துப்போவான்.

"நான் போறேன்" என்றேன். "எனக்கு ஏது காப்பு? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"உன்னையாடி கூப்பிடுறான்?"

எனக்கு அவளுடைய அம்மன்மேல் கோபம் வந்தது. பெற்றவளைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன தெய்வம் அது? என் ஆண்டவர்மேலும் வந்தது, அவர் மட்டும் என்ன செய்துவிட்டார்? "கழட்டி எறிடி அதை" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன. கழட்டி எறிஞ்சிட்டுக் கிளம்பு."

"எறிஞ்சா அவன் செத்துருவான்" என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறதே. போகிற வழியெல்லாம், ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும், அந்தப் பயத்தைத்தானே அவள் சுமந்துகொண்டு போவாள்.

அவள் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். மஞ்சள் ஏறிய நூல், இறுகிப்போயிருந்தது. அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "கையைக் கொடு" என்றாள்.

"எதுக்கு?"

"காப்பு ஊருக்குள்ளயே இருக்கட்டும். அது எல்லை தாண்ட வேணாம். நான் மட்டும் தாண்டிக்கிறேன்."

"ஏய், நான் வேதக்காரிடி."

"தெரியும்."

"இப்பத்தானடி கோழி தின்னேன். கை கூடக் கழுவல."

"கழுவிட்டு வா. அம்மாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

என் பாஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்று நாக்கு நுனிவரை வந்தது. சின்ன வயதில் அவள் வீட்டார் என்னைத் தீமிதி பார்க்கக் கூட்டிப்போவார்கள். நான் அவளுடைய அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே நிற்பேன். ஊதுபத்தி நுனி பட்டாலே அலறுகிறவள் நான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் நூலை வைத்துக்கொண்டு நின்றாள், கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. கொடுப்பதற்கு என்னிடமும் வேறு எதுவும் இல்லை. நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து இடது கையை நீட்டினேன்.

மூன்று முடிச்சுப் போட்டாள். "பூசாரிகிட்டப் போய் நடந்ததைச் சொல்லு. கைதான் மாறியிருக்கு, வேண்டுதல் மாறலன்னு சொல்லு" என்றாள்.

பிறகு உட்கார்ந்து என் தட்டை இழுத்தாள். ஆறிப்போன பயற்றை வெறுங்கையால் அள்ளித் தின்றாள். அத்தனை நாள் பசி. விக்கியது, தலையில் தட்டினேன், கடைத் தண்ணீரையே வாங்கிக் குடித்தாள். "சீரகம் கொஞ்சம் கருக வறுத்துட்டாங்க" என்றாள். "அவன் இப்படி விட மாட்டான்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கிண்ணத்தை வழித்தாள்.

முதலாளி வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்தார். அவள் எழுந்து தன் காலைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளினேன். அவளுக்குக் கொஞ்சம் பெரிது, சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை வருகிறேன் என்றேன்.

"வேணாம். அது ஊர்க் கோடி. எல்லை எங்க முடியுதோ யாருக்குத் தெரியும்? நீ இங்கயே இரு." கார்க் கதவை மூடும்போது, "பயந்துட்டு வேகமா ஓடிராத. ஓடினாத்தான் சுடும். நடக்கணும்" என்றாள்.

கார் போய்விட்டது. நான் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. முதலாளி ஒரு கிண்ணத்தில் பாலில் வெந்த சோறு கொண்டுவந்து வைத்தார். சர்க்கரையும் பட்டையும் போட்ட மெக்ஸிகோ இனிப்பாம். நம் பாயசம் மாதிரியே இருந்தது. "இதையாவது சாப்பிடுங்க அமா" என்றார்.

"எனக்கு வெளிச் சாப்பாடு ஆகாது, சயா" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குடையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். தார் உருகிக் கிடந்தது. முதல் அடியிலேயே உள்ளங்கால் பற்றி எரிந்தது. இரண்டாவது அடி வைக்க முடியாமல் சலவைக்கடை நிழலுக்குத் தாவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தார் ரோட்டையே என்னால் தாங்க முடியவில்லை. தீமிதி வருகிற வெள்ளிக்கிழமை.